பூங்காவில் பட்ட மரங்களை வெட்டலாமா? பறக்கும் அணில்களை முன்வைத்து ஒரு விவாதம்

இரவுக்கண்: பூங்காவில் பட்ட மரம் கண்ணில் பட்டாலே வெட்டிவிடுகிறார்கள். பறக்கும் அணில் தானாகப் பொந்து குடையாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்திலோ, கிளை முறிந்து உளுத்த துளையிலோதான் குடியிருக்கும். அதெல்லாம் பெரும்பாலும் வயதான, பட்டுப்போன மரங்களில்தான் இருக்கும்.

நடைபாதை: கிளை ஒடிந்து ஒரு குழந்தையின் தலையில் விழுந்தால் அணிலா வந்து பதில் சொல்லும்? அது ஒன்றும் அவ்வளவு நோஞ்சான் இல்லை. பின்லாந்தில் எஸ்போ போன்ற நகரங்களுக்குள்ளேயே சைபீரியப் பறக்கும் அணில் வாழ்கிறது. மனிதர் நடமாட்டம் ஆகாது என்றால் அது எப்படி?

இரவுக்கண்: நடமாட்டம் ஆகாது என்று யார் சொன்னது? பகலில் நீங்கள் நடக்கும்போது அது தூங்குகிறது. பின்லாந்தை நீங்களே எடுத்துக் கொடுத்தது நல்லதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அது குட்டி போடும் இடத்தையும் தங்கும் இடத்தையும் அழிக்கக் கூடாது. அங்கே அணில் சும்மா பிழைத்துவிடவில்லை.

கூடுகட்டி: மரப்பெட்டி மாட்டினால் தீராதா? அதிலும் குடியேறுகிறதே.

இரவுக்கண்: குடியேறும். ஆனால் ஒரே கூட்டில் நிலையாக இருக்காது, மாறி மாறித் தங்கும். போய்வர வழி வேண்டாமா? பெயர்தான் பறக்கும் அணில். உண்மையில் உயரத்திலிருந்து சறுக்கி இறங்குகிறது. இறங்கும் உயரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம் போகும் என்று வையுங்கள். 20 மீட்டர் உச்சியிலிருந்து தாவினாலும் 40 மீட்டருக்குள் தரைக்கு வந்துவிடும். நடுவில் அகலமான புல்வெளியோ வாகன நிறுத்தமோ இருந்தால் தரையில் ஓட வேண்டியதுதான். பூனைக்குக் கொண்டாட்டம்.

நடைபாதை: அதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் காட்டுச் சாலையின் இரு பக்கமும் உயரக் கம்பம் நட்டார்கள். அணில்கள் அதில் ஏறிச் சாலையைத் தாண்டின.

இரவுக்கண்: தாண்டட்டும், நல்லது. கம்பத்தில் பொந்தும் கிடையாது, தின்ன மொட்டும் கொட்டையும் கிடையாது. பாதைக்கு மேல் நீளும் கிளையை மட்டும் கழித்துவிட்டு அடிமரத்தை நிற்க விடுங்கள்.

நடைபாதை: அடிமரமே சாய்ந்தால்? மரம் விழுந்தால் பாதையைத் தொடும் தூரத்தில் இருப்பது எதையும் விடக் கூடாது. அதைத் தாண்டி உள்ளே நிற்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுக்கண்: சரி, அந்தக் கணக்கு எனக்கும் சம்மதம். ஆனால் அந்த உட்பகுதியில் ராத்திரி விளக்கு எரியக் கூடாது.

நடைபாதை: விளக்கை அணைத்தால் இருட்டில் யார் நடப்பது? அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கூடுகட்டி: உட்பகுதியில்தான் பாதையே இல்லையே ஐயா, அங்கே யாருக்கு விளக்கு?