பிக்கப்புக்கு சொந்தமா ரேக் அடிக்கணும், ஏணியும் பந்தல் கம்பும் ஏத்த. கம்மி செலவுல வழி சொல்லுங்க

பிறை_ஏர்கோன்:
வணக்கம் அண்ணன்மாரே. பினாங்கு பக்கம் பிறையில ஏர்கோன் (ஏசி) வேலை பாக்குறேன், பழைய ஹைலக்ஸ் டபுள் கேப் வெச்சிருக்கேன். பின்பெட்டி 5 அடிதான் வருது ஆனா ஏணி 16 அடி, இப்போதைக்கு டெயில்கேட்ட திறந்து போட்டு சிவப்பு துணி கட்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன், பினாங்கு பாலத்துல காத்து அடிக்கிறப்போ பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிறது ஆடுறத கண்ணாடியில பாத்தாலே வயித்த கலக்குது. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலையில தண்ணீர்ப்பந்தல் போடுற செட்டுல நானும் இருக்கேன், கம்பு கித்தான் எல்லாம் நம்ம காடியிலதான் (வண்டியிலதான்) போகும். ரெடிமேட் ரேக் விசாரிச்சா 1,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல சொல்றாங்க, எனக்கு 400 வெள்ளிக்குள்ள முடிஞ்சா நல்லது. கூரைமேலயே ஓட்டை போட்டு ரெண்டு பாரு இறுக்கிடலாமான்னு நெனைக்கிறேன், மழைத்தண்ணி உள்ள இறங்குமா? என்ன பெசி (இரும்பு) வாங்கணும்? மச்சான்கிட்ட ஆர்க் வெல்டிங் செட் இருக்கு.

ஜெலுத்தோங்_ராஜா:
ஓட்டை எதுக்கு பாஸ், கதவு மேல கிளாம்ப் போட்டு பிடிக்கிற கிராஸ்பார் ஆன்லைன்ல கிடைக்குது, அரை மணி நேரத்துல மாட்டிடலாம். முன்னாடி ஒரு பாரு கூரையில, பின்னாடி ஒண்ணு பெட்டியில, ரெண்டையும் ஒரு நீள பெசியால சேத்துட்டா கெட்டியா நிக்கும்.

செந்தூல்_பட்டறை:
தம்பி, கூரையில ஓட்டை வேண்டவே வேண்டாம், துரு அங்கேருந்துதான் ஆரம்பிக்கும். ராஜா சொல்ற மாதிரி கூரையையும் பெட்டியையும் சேத்து கட்டுறது அதைவிட மோசம், தயவுசெஞ்சு செய்யாதீங்க. ஹைலக்ஸ், டிமேக்ஸ், ட்ரைட்டன் எதுவா இருந்தாலும் கேபின் சேசிஸ்மேல ரப்பர் மவுண்ட்டுல உக்காந்திருக்கு, பெட்டி தனியா சேசிஸ்ல போல்ட் போட்டு நிக்குது. ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்குனா சேசிஸ் முறுக்கும், ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் ஆடும், நடுவுல அந்த சந்து விட்டிருக்கிறதே அதுக்குதான். ரெண்டையும் பெசியால பூட்டிட்டா அந்த முறுக்கல் மொத்தமும் உங்க வெல்டிங்லயும் கூரைத் தகட்டுலயும் வந்து நிக்கும், ஒரு நாள் விரிசல் விடும். இன்னொண்ணு, கூரை தாங்குற எடை ரொம்ப கம்மி, உங்க மேனுவல்ல போட்டிருப்பான் பாருங்க, பெட்டியோ கிட்டத்தட்ட ஒரு டன் தாங்குறதுக்குன்னு செஞ்சது. அதனால எடை முழுசும் பெட்டியிலதான் இறங்கணும்.

நான் செய்யிற முறை இதுதான். பெட்டிக்கு முன்பக்கம் கேபினை ஒட்டி கோல்போஸ்ட் மாதிரி ஒண்ணு, டெயில்கேட் பக்கம் ஒண்ணு, ரெண்டுக்கும் மேல நீளத்துக்கு ரெண்டு பெசி, அது முன்னாடி கேபினுக்கு மேல நீட்டிக்கிட்டு போகும் ஆனா கூரையைத் தொடாது, 2 இஞ்ச் சந்தாவது இருக்கணும். ஹாலோ (உள்ள காலியான செவ்வகக் குழாய்) 1க்கு 2 இஞ்ச், 1.6 மில்லி கனம், 6 மீட்டர் பாரு மூணு வாங்குனா போதும், ஒரு மீட்டர் 1.8 கிலோ வரும், மூணும் சேத்து 32, 33 கிலோ. ஒரு பாருல நாலு காலும் ரெண்டு குறுக்கும், இன்னொண்ணுல ரெண்டு நீளமும், மூணாவதுல நடுக்குறுக்கும் மூலைக்கு சாய்வு முட்டும். அந்த முட்டு இல்லாம விட்டுடாதீங்க, பிரேக் அடிக்கிறப்போ சாமான் முன்னாடி தள்ளும், அப்போ காலைப் பிடிச்சு நிறுத்துறது அதுதான். பெசிய நிக்க வெச்சு வெல்டு பண்ணுங்க, 2 இஞ்ச் பக்கம் செங்குத்தா நிக்கணும், 1 இஞ்ச் பக்கம் மேலயும் கீழயும் வரணும். படுக்க வெச்சதை விட 3 மடங்கு கெட்டி, அதே பெசி அதே காசு.

பிறை_ஏர்கோன்:
நன்றி அண்ணே, கேபினும் பெட்டியும் தனித்தனியா ஆடும்னு யாருமே சொல்லலை. காலை பெட்டியில எப்படி பிடிக்கிறது? ஓட்டை ஆங்கிள் (வரிசையா ஓட்டை போட்ட எல் பெசி) போட்டு வெறும் போல்ட்லயே முடிச்சிடலாமா, வெல்டிங் இல்லாம?

செந்தூல்_பட்டறை:
ஓட்டை ஆங்கிள் கடையில ஷெல்ஃபுக்குதான் சரி, ரோட்டுல ஆட ஆட முறுக்கும், ஓட்டை விரிஞ்சு போல்ட் தளரும். கால் அடியில 6 மில்லி தகடு வெல்டு பண்ணி, பெட்டி விளிம்புல எம்10 போல்ட், 8.8 கிரேட், ஒரு காலுக்கு ரெண்டு. விளிம்புத் தகடு மெல்லிசு, அடியிலயும் ஒரு தகடு வெச்சாதான் போல்ட் பிச்சுக்கிட்டு வராது. நடுவுல ரப்பர், நட்டு நைலாக் (தானா தளராத நட்டு). 1.6 மில்லி கனத்துக்கு 2.6 மில்லி வெல்டிங் ராடு போட்டு 70 ஆம்ப் சுத்தி வெச்சு மச்சான தட்டி தட்டி பிடிக்கச் சொல்லுங்க, இழுத்துக்கிட்டே போனா ஓட்டை விழும். ஜிஐ (துத்தநாகம் பூசின) பெசி வாங்குனா வெல்டு பண்ற இடத்துல துத்தநாகப் பூச்ச கிரைண்டர்ல எடுத்துடணும், வாசல்ல காத்தோட்டமா நின்னு செய்யணும், அந்தப் புகை இழுத்தா ராத்திரி குளிர் காய்ச்சல் அடிக்கும்.

பட்டர்வொர்த்_சுந்தரி:
எங்க வீட்டுக்காரர் டிமேக்ஸுக்கு இதே மாதிரிதான் செஞ்சாரு, கடல் பக்கம் இருக்கிறவங்க துருவைப் பத்தி நல்லா யோசிக்கணும். ஹாலோ பெசி உள்ள தண்ணி நின்னா வெளியில பெயிண்ட் அழகா இருக்கும், உள்ளேருந்து அரிச்சுடும். முனைய மூடிட்டு அடிப்பக்கம் சின்ன ஓட்டை ஒண்ணு விடுங்க. வெல்டு பண்ண இடம் எல்லாம் ரெட் ஆக்சைடு ரெண்டு கோட் அடிச்சு அப்புறம்தான் கலர். முன்னாடி குறுக்குப் பெசியில கயிற சுத்தி சுத்தி கட்டிவிட்டா ஊஊன்னு ஊதுற சத்தமும் குறையும்.

உயரமும் பாத்துக்குங்க. ஹைலக்ஸ் சுமார் 1.8 மீட்டர், ஷாப்பிங் மால் கார்பார்க்ல நிறைய இடத்துல 2.1 தான் போட்டிருப்பாங்க, ரேக் மேல ஏணியும் இருந்தா உரசிடும். அளந்து ஸ்டியரிங் பக்கத்துல எழுதி ஒட்டிடுங்க.

ஜெலுத்தோங்_ராஜா:
பட்டறைக்காரர் சொல்றது எனக்கு இப்பதான் விளங்குது, சரி. பிளைவுட் ஏத்தலாமா அதுல?

செந்தூல்_பட்டறை:
ஏத்தலாம் ஆனா பிளஸ் ஹைவேல மெதுவாத்தான் போகணும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்துல காத்தோட அழுத்தம் சதுர மீட்டருக்கு 57 கிலோ கிட்ட வரும், 4க்கு 8 பலகை கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர், முன்முனை கொஞ்சம் தூக்குனா போதும், நூறு கிலோவுக்கு மேல தூக்கிப் பாக்கும். வேகத்தை பாதியா குறைச்சா அந்த அழுத்தம் கால்வாசிதான். அதனால பலகைய முன்பக்கம் ஒரு கட்டு கட்டாயம் இறுக்கணும், ராட்செட் பெல்ட் குறுக்கே ரெண்டு. ஏணிக்கும் முன்முனையிலேருந்து பம்பர் பக்கம் கயிறு, பின்னாடியும் ஒண்ணு. ரேக் வந்த பிறகும் ஏணி பின்னாடி நீட்டிக்கிட்டு இருந்தா சிவப்பு துணி வேணும்.

தம்பி, வெட்டுறதுக்கு முன்னாடி ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டர்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, காடியில நிரந்தரமா சேக்கிற விஷயம். 6 மீட்டர் பாரை உங்க காடியில ஏத்திக்கிட்டு வராதீங்க, காடியே அவ்ளோ நீளம் இல்ல, ஹார்ட்வேர் கடையிலயே அளவு கொடுத்து வெட்டி வாங்குங்க. பெட்டி அகலமும் விளிம்புலேருந்து கூரை வரைக்கும் உயரமும் அளந்து இங்க போடுங்க, வெட்டுற அளவ நான் எழுதித் தரேன்.