பயந்த பிள்ளையின் பெற்றோருக்குப் பயிற்சி: பெங்களூரில் தமிழில் கிடைக்குமா?

நாங்கள் இருப்பது ராமமூர்த்தி நகர். மகளுக்கு 8 வயது. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து காலையானால் வயிற்று வலி, குமட்டல். ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை. இரவில் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று "அம்மா, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

குழந்தை மருத்துவர் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து உடம்பில் கோளாறு இல்லை என்றார். அப்புறம் ஒரு கவுன்சலர். பிரிவுப் பதற்றம், அதாவது பெற்றோரை விட்டுப் பிரிய வரும் அதீத பயம் என்றார். ஆனால் இவள் அங்கே வாயே திறக்கவில்லை. மாமியார் மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, சண்டை போடத் தெம்பும் இல்லை.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய 'ஸ்பேஸ்' (SPACE) முறையைப் பற்றிப் படித்தேன். பிள்ளை வர வேண்டியதில்லை, பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது, உன்னால சமாளிக்க முடியும்" என்று சொல்லி, தூங்க விரலைக் கொடுப்பது போல, அவள் பயத்துக்காக நாம் விட்டுக்கொடுப்பதை ஒவ்வொன்றாகக் குறைப்பது. எங்களுக்கு இதுதான் சரிவரும். விசாரித்த இடங்களில் ஆங்கிலம் அல்லது கன்னடம்தான். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாமியாருக்குத் தமிழ் மட்டுமே தெரியும்.

பெங்களூரிலோ ஆன்லைனிலோ இந்தப் பயிற்சியைத் தமிழில் தருபவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?