தீமிதி எடுக்கப் பாட்டரி கிரிப் தேவையா, வெறும் பாரமா?

சிப்புட் பையன்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் செம்பனை ஆலையில் வேலை. மிச்ச நாளில் கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா என்று படம் எடுக்கிறேன். கேமரா கேனன் 80டி. அடுத்த மாதம் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீமிதி. காலையில் ஆற்றங்கரையில் கரகம் எடுப்பதிலிருந்து இரவு சாமி ஊர்வலம் முடியும் வரை நான் ஒருவன்தான். ஒரே ஒரு பாட்டரி வைத்திருக்கிறேன். கேமராவுக்கு அடியில் மாட்டி இரண்டு பாட்டரி போடும் கிரிப் ஒன்று வாங்கலாம் என்று ஈப்போவுக்குப் போய் விலை கேட்டால், அந்தக் காசுக்கு ஒரு 50 எம்எம் லென்ஸே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. கூட வந்த நண்பன் வேறு, கிரிப் போட்டால் கேமரா வினாடிக்கு இன்னும் அதிகப் படம் எடுக்கும் என்கிறான். உண்மையா?

எட்டாங்கட்டை:
வேண்டாம் தம்பி. எல்பி-இ6என் பாட்டரி இன்னும் இரண்டு வாங்கி காற்சட்டைப் பையில் போட்டுக்கொள். ஒன்று 80 கிராம்தான் இருக்கும். 80டிக்குக் கம்பெனிக் கணக்கே ஒரு பாட்டரிக்கு 960 படம். அதுவும் பாதிப் படங்களுக்கு பிளாஷ் அடித்து அளந்தது. பிளாஷ் இல்லாமல் தொடர்ந்து சுட்டால் அதற்கு மேலேயே வரும். மூன்று பாட்டரி இருந்தால் தோட்டத்தில் இருக்கும் எல்லாரையும் ஆளுக்குப் பத்துப் படம் எடுத்தாலும் மிச்சம் இருக்கும். பாட்டரி மாற்ற எவ்வளவு நேரம்? பத்து வினாடி. அதற்காக ஒரு செங்கல்லைக் கேமராவுக்கு அடியில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அலைய வேண்டுமா?

வேகம் கூடும் என்பது கட்டுக்கதை. எந்தக் கேமராவிலும் கூடாது.

கல்லுமலை:
எட்டாங்கட்டை அண்ணே, பத்து வினாடி என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். நான் ஈப்போ தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயில் வரை பல வருடம் நடந்தே எடுத்திருக்கிறேன். முன்னால் காவடி, பின்னால் பால்குடம், இரண்டு பக்கமும் உறுமி மேளம். அங்கே பையில் கைவிட்டுப் பாட்டரி தேடவே இடம் இருக்காது. நீங்கள் மாற்றி முடிப்பதற்குள் அருள் வந்து ஆடியவர் அடங்கிவிடுவார்.

அப்புறம் அந்த 960 கணக்கு வியூபைண்டரில் கண்ணை வைத்துப் பார்த்து எடுப்பவருக்கு. கூட்டத்தில் கையைத் தூக்கி, 80டியின் திரும்பும் திரையைக் கீழே திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் பாதிப் படம் எடுக்கிறோம். திரையைப் பார்த்து எடுத்தால் அதே பாட்டரிக்கு அதே கம்பெனி சொல்வது 300 படம். இடையில் கொஞ்சம் வீடியோவும் கேட்பார்கள். அப்போது ஒரு பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பாருங்கள்.

எட்டாங்கட்டை:
சரி, திரைக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேனன் கிரிப்பில் இரண்டு பாட்டரி போட்டால் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தேதான் இறங்கும். ஒன்று தீர்ந்தது, இன்னொன்று முழுதாக இருக்கிறது என்ற நிம்மதி கிடையாது. சாயங்காலம் இரண்டும் ஒன்றாகப் படுத்துவிட்டால் பூக்குழி நேரத்தில் என்ன செய்வீர்கள்? கடைசியில் மூன்றாவது பாட்டரியும் பையில் வேண்டும். அப்படியானால் கிரிப் எதற்கு?

லயத்துக் குயில்:
நான் நிக்கான் டி750 வைத்திருக்கிறேன். இதில் அந்தத் தொல்லை இல்லை. கேமராவுக்குள் இருக்கும் பாட்டரி அங்கேயே இருக்கும், கிரிப்பில் இன்னொன்று போட வேண்டும். எதை முதலில் தின்ன வேண்டும் என்று மெனுவில் சொல்லலாம். கிரிப்பில் இருப்பதை முதலில் தீர்த்தால், உள்ளே இருப்பது முழுதாகக் காத்துக்கொண்டிருக்கும். ஒரே குறை, கிரிப்பைக் கழற்றாமல் உள்பாட்டரியை எடுக்க முடியாது.

ஆனால் நான் கிரிப்பை விற்றுவிட்டேன். என் கை சின்னது. கிரிப், பிளாஷ், 70-200 லென்ஸ் மூன்றும் சேர்ந்தால் மணமேடைக்கு முன்னால் இரண்டு மணி நேரத்தில் மணிக்கட்டு விண்ணென்று வலிக்கும். அந்த லென்ஸ் மட்டுமே ஒன்றரைக் கிலோ. வலியோடு எடுத்த படம் கொஞ்சம் ஆடித்தான் வரும்.

கல்லுமலை:
அக்கா, கனமான லென்ஸ் போடும்போது கிரிப் இருந்தால்தான் முன்பாரம் இழுக்காது என்பது என் அனுபவம். சுண்டு விரலுக்கும் பிடிக்க இடம் கிடைக்கும்.

லயத்துக் குயில்:
உங்கள் சுண்டு விரலுக்கு, தம்பி. என் சுண்டு விரல் கிரிப் இல்லாமலே கேமராவில் உட்கார்ந்துகொள்ளும்.

பழைய ஸ்டூடியோ:
எல்லாரும் பாட்டரியையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பெயரில் பாட்டரி இருப்பதால் வந்த குழப்பம் இது.

முதலில் வேகம். எட்டாங்கட்டை சொல்வது தவறு, அந்த நண்பன் சொல்வதும் தவறு. நிக்கான் டி700 தனியாக வினாடிக்கு 5 படம் எடுக்கும். எம்பி-டி10 கிரிப் போட்டு, அதில் பெரிய இஎன்-இஎல்4ஏ பாட்டரியோ எட்டு ஏஏ பாட்டரியோ போட்டால் 8 படம். அதே கிரிப்பில் கேமராவின் சின்னப் பாட்டரியைப் போட்டால் பழையபடி 5தான். ஏனென்றால் வேகத்தைத் தருவது கிரிப் இல்லை, வோல்ட். சின்னது 7.4, பெரியது 11.1. கண்ணாடியையும் ஷட்டரையும் இழுக்கும் மோட்டாருக்குத் தெம்பு கூடுகிறது. பின்னால் வந்த டி850-லும் இப்படித்தான், 7 என்பது 9 ஆகும், அதற்கும் பெரிய பாட்டரி வேண்டும். கேனன் 80டி கிரிப்பில் இரண்டு பாட்டரி போட்டாலும் வோல்ட் அதே 7.2. எனவே வினாடிக்கு 7 படம் என்பது 7 ஆகவே இருக்கும். சிப்புட் பையன், உன் நண்பன் நிக்கான்காரனிடம் கேட்டதைக் கேனனுக்கு ஒட்டிவிட்டான்.

இது பழைய பழக்கத்தின் மிச்சம். பிலிம் காலத்தில் நிக்கான் எப்3-க்கு அடியில் எம்டி-4 என்று ஒரு மோட்டார் மாட்டுவோம். எட்டு ஏஏ பாட்டரி. பிலிமைச் சுற்றிவிடுவது அதன் வேலை, அதோடு கேமராவுக்கும் கரண்டு கொடுக்கும். அன்றைக்கு அடியில் மாட்டினால் வேகம் என்பது உண்மை. அந்த நம்பிக்கை மட்டும் டிஜிட்டலுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இப்போது கை. நம் கல்யாணத்தில் பாதிப் படம் நெடுக்குப் படம். மாலையோடு நிற்கும் ஜோடி, தலையில் கரகத்தோடு வரும் பூசாரி, அலகுக் காவடி எல்லாமே உயரம். கிரிப் இல்லாமல் கேமராவை நெடுக்காகத் திருப்பினால் வலது முழங்கை கோழி இறக்கை மாதிரி மேலே போய்விடும். பக்கத்தில் நிற்பவர் முகத்தில் இடிக்கும், கையும் ஆடும். கிரிப்பில் இன்னொரு ஷட்டர் பொத்தான், ஒரு டயல், போகஸ் பொத்தான் எல்லாம் இருப்பதால் இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டி இருக்கும். பிளாஷ் இல்லாமல் கோயிலுக்குள் 1/60 வினாடி ஷட்டரில் எடுக்கும்போது அந்த ஒட்டல்தான் படத்தைக் காப்பாற்றும். நான் கிரிப் போடுவது அதற்குத்தான். பாட்டரி எனக்குக் கொசுறு.

எட்டாங்கட்டை:
டி700 விஷயம் தெரியாது அண்ணே, திருத்திக்கொள்கிறேன். ஆனால் பின்பக்கப் பெரிய சக்கரம் கேனன் கிரிப்பில் இல்லையே? எக்ஸ்போஷர் கூட்டிக் குறைக்கக் கட்டைவிரலை மேலே நீட்ட வேண்டியிருக்கிறது. பாதி வசதிதானே அது?

பழைய ஸ்டூடியோ:
பாதிதான். அதை நான் மறுக்கவில்லை.

சிப்புட் பையன்:
அசல் விலை கட்டாது என்றால் ஆன்லைனில் வரும் வேறு கம்பெனி கிரிப் எப்படி? விலை நாலில் ஒரு பங்குகூட இல்லை.

கல்லுமலை:
நான் வாங்கிக் கெட்டவன். பெயர் சொல்ல மாட்டேன். கேனன் கிரிப் எப்படி மாட்டுவது என்று தெரியுமல்லவா? பாட்டரி மூடியையே கழற்றிவிட்டு, கிரிப்பின் தண்டை அந்தப் பொந்துக்குள் நுழைத்து, முக்காலித் துளையில் ஒரு திருகை இறுக்க வேண்டும். கேமராவுக்கு வரும் கரண்டு முழுக்க அந்தத் தண்டின் வழியாகத்தான். என் கிரிப்பின் திருகு நடக்க நடக்கத் தளரும். ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டுகிறார்கள், மாப்பிள்ளை குனிகிறார், திரை கறுத்துவிட்டது. தட்டினேன், திருகினேன், உயிர் வந்தது. அதற்குள் இரண்டு முடிச்சு விழுந்திருந்தது. மூன்றாவது முடிச்சு மட்டும் என்னிடம் படமாக இருக்கிறது, அதையும் நாத்தனார் கை மறைத்துவிட்டது. பெண் வீட்டார் இன்றைக்கும் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

எட்டாங்கட்டை:
பார்த்தீர்களா. பையில் இருக்கும் பாட்டரிக்குத் திருகு கிடையாது.

லயத்துக் குயில்:
அசல் கிரிப்பிலும் திருகைக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை இறுக்கிப் பார்ப்பது நல்லது. முக்காலியில் வைத்தாலும் கிரிப் இருந்தால் ஒரு சின்ன ஆட்டம் இருக்கும். இரவில் கோபுர விளக்கை நீண்ட நேர எக்ஸ்போஷரில் எடுப்பதாக இருந்தால் கழற்றிவிட்டு எடு, தம்பி.

கிரிப்புக்கு ஆதரவாக நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஏஏ தட்டு. கேனனில் ஆறு ஏஏ போடலாம். படம் குறைவாகத்தான் வரும், ஆனால் தோட்டத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு எல்பி-இ6என் எங்கே கிடைக்கும்? ஏஏ லயத்து மளிகைக் கடையில்கூடக் கிடைக்கும்.

பழைய ஸ்டூடியோ:
சிப்புட் பையன், இப்போதே வாங்காதே. என்னிடம் பழைய 70டியின் அசல் கிரிப், பிஜி-இ14, சும்மா கிடக்கிறது. 70டி, 80டி, 90டி மூன்றுக்கும் அது ஒன்றேதான். தீமிதிக்கு எடுத்துப் போய்ப் பார். எட்டாங்கட்டை பேச்சையும் கேள், பாட்டரி இரண்டு வாங்கிக்கொள். கிரிப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேண்டும். 80டியை யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏற்ற முடியாது, பவர்பேங்கை நம்பாதே.

சிப்புட் பையன்:
தீமிதி முடிந்தது. கிரிப்போடு போனேன், மொத்தம் 1,400 படம். கிரிப்பில் இரண்டு பாட்டரி, பையில் ஒன்று. பையில் இருந்ததைத் தொடவே இல்லை. எட்டாங்கட்டை அண்ணனுக்கு ஒரு மார்க் குறைகிறது. ஆனால் மாலை நான்கு மணிக்குக் கழுத்து வாரை இரண்டு தடவை தோள் மாற்றினேன், அதில் ஒரு மார்க் அவருக்கே போகிறது.

பூக்குழியில் இறங்கியவர்களை முழுக்க நெடுக்காகவே எடுத்தேன். அந்தச் சூட்டில், அந்தக் கூட்டத்தில், முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்ததால்தான் நின்றேன். படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. கோயில் தலைவர் இரண்டைச் சட்டம் போடக் கேட்டிருக்கிறார்.

ஒரு கூத்தும் நடந்தது. ஊர்வலத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன். வீட்டில் வந்து பார்த்தால் வரிசையாக 43 படம். லாலான் புல், என் செருப்பு, யாரோ ஒருவரின் வேட்டிக் கரை. கிரிப்பின் பொத்தான் வயிற்றில் பட்டுப் பட்டுச் சுட்டிருக்கிறது.

பழைய ஸ்டூடியோ:
அதை அணைத்து வைக்கக் கிரிப்பிலேயே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. சொல்ல மறந்துவிட்டேன்.

எட்டாங்கட்டை:
பையில் இருக்கும் பாட்டரி வேட்டிக் கரையைப் படம் எடுக்காது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சிப்புட் பையன்:
ஸ்டூடியோ அண்ணே, அடுத்த ஞாயிறு ஒரு மஞ்சள் நீராட்டு இருக்கிறது. கிரிப்பை அதற்கு அப்புறம் கொண்டுவந்து தரட்டுமா?