யெல்லோ லேப் முட்டையை விழுங்கிவிடுகிறது, என்ன செய்ய?

மூன்றடித் தொட்டியில் எட்டு யெல்லோ லேப் (முட்டையை வாயில் வைத்தே அடைகாக்கும் மஞ்சள் மீன்) வைத்திருக்கிறேன். ஒரு பெண் மீன் வாயில் முட்டையோடு, தாடை உப்பி, ஒரு வாரம் தீனியைத் தொடாமல் மூலையிலேயே கிடந்தது. நேற்று பார்த்தால் வாய் காலி, மற்றவற்றோடு சேர்ந்து தின்கிறது. இது இரண்டாவது தடவை. தண்ணீரில் கோளாறா? பி.எச். 8 இருக்கிறது.

பதில் 1:
தண்ணீர் சரிதான். முதல் ஓரிரு தடவை விழுங்குவது சகஜம். ஆண் எத்தனை?

கேட்டவர்:
மூன்று என்று நினைக்கிறேன்.

பதில் 1:
அதுதான் சங்கதி! துரத்தித் துரத்தியே பயமுறுத்தியிருக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறை இடுக்கில் ஒளிந்து வாழ்கிற மீன், அதனால் கற்களை அடுக்கி இடுக்கு விடுங்கள். குஞ்சு வெளியே வர மூன்று வாரம் போல ஆகும்; நான் 18ஆம் நாள் இரவு, விளக்கை அணைத்த பிறகு, தாயை மெதுவாகப் பிடித்துத் தனித் தொட்டிக்கு மாற்றுவேன். குஞ்சுக்கு ஆர்ட்டீமியா (பொடிப் பொடியான உப்புநீர் இறால்) போதும்.

பதில் 2:
கல்லை மணல் மேல் அடுக்காதீர்கள், மீன் மணலைத் தோண்டியே சரித்துவிடும். முதலில் கல், அப்புறம் மணல். என் தொட்டிக் கண்ணாடி ஒன்று போனது அப்படித்தான்.