'பிரைட்குரூம்' என்ற சொல்லில் குதிரைக்காரன் இருக்கிறானா?

மழைத்துளி:
ஆங்கிலத்தில் மணமகனைக் குறிக்கும் 'பிரைட்குரூம்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். பிரைட் என்றால் மணமகள். குரூம் என்றால் குதிரையைப் பராமரிக்கும் பணியாள். மனைவிக்குப் பணிவிடை செய்பவனே கணவன் என்று கருதி அந்தச் சொல்லை ஆக்கியிருக்கிறார்கள். எவ்வளவு அழகான எண்ணம்!

எழுத்தாணி:
அழகுதான், ஆனால் சொல் பிறந்த வழி அதுவல்ல. பழைய ஆங்கிலத்தில் அது 'பிரூட்குமா'. குமா என்றால் ஆண், மனிதன். லத்தீன் 'ஹோமோ'வுக்கு உறவான சொல். ஜெர்மனில் இன்றும் 'பிராய்டிகாம்', ஸ்வீடிஷில் 'பிரூட்கும்'. 'குரூம்' என்பதில் உள்ள ரகரம் இவற்றில் எங்கே? பிற்காலத்தில் குமா வழக்கொழிந்தது. சொல்லின் பின்பாதி யாருக்கும் புரியாமல் போனது. 16ஆம் நூற்றாண்டில், ஒலியில் நெருங்கிய குரூம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மழைத்துளி:
குமாதான் மூலம், ஏற்கிறேன். ஆனால் அதற்குப் பதிலாகக் குரூமை வைத்தவர்களும் அந்த மொழியைப் பேசியவர்கள்தானே? அவர்கள் உணர்ந்த பொருளைப் பிழை என்று தள்ளிவிட்டால் பாதி வரலாறு போய்விடும்.

எழுத்தாணி:
தள்ளவில்லை. அவர்கள் உணர்ந்தது எது என்றுதான் கேட்கிறேன். அன்று குரூம் என்றால் பையன், இளைஞன், ஏவலாள். குதிரை லாயத்தோடு அது தனியாக ஒட்டிக்கொண்டது 17ஆம் நூற்றாண்டில். 'பிரைட்குரூம்' அதற்கு முன்பே வந்துவிட்டது.

கீழ்வானம்:
நம் 'மணமகன்' நினைவுக்கு வருகிறது. அதில் உள்ள மகன் புதல்வன் அல்லன்; ஆடவன் என்ற பழம்பொருள் அங்கே தங்கியிருக்கிறது. குமாவைப் போல மகன் வழக்கொழியவில்லை, அதனால் நம் சொல்லின் வடிவம் மாறவில்லை.

மழைத்துளி:
'மணமகன்' என்பதைத் திருமண வீட்டின் மகன் என்று ஒரு குழந்தை புரிந்துகொண்டால் திருத்துவீர்களா?

எழுத்தாணி:
கட்டாயம் திருத்துவேன். அந்தப் பழம்பொருளைக் குழந்தைக்குக் காட்டாமல் விட எனக்கு மனம் வராது. ஆனால் உங்கள் பக்கத்துக்கு வலுச்சேர்க்கும் ஒன்றையும் சொல்லவேண்டும். இன்று ஆங்கிலத்தில் குரூம் என்று மட்டும் சொன்னாலும் மணமகன்தான். பிரைட்குரூமின் சுருக்கமாக அந்தப் பொருள் வந்தது. ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'விலேயே அது இருக்கிறது. குமா மறைந்தாலும் அதன் பொருள் குரூமுக்குள் குடியேறிவிட்டது.

மழைத்துளி:
அப்படியானால் குதிரையை விட்டுவிடுகிறேன். அந்த இளைஞனை மட்டும் விட மாட்டேன்.