2022-க்குப் பிறகு காடு மெலிந்துவிட்டதாகப் படம் காட்டுகிறது, நேரில் போனால் மரமெல்லாம் அப்படியே நிற்கிறது

தாளவாடி வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். தாளவாடி மலையில் ஒரு பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தெரிகிற காட்டை வானத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு விளையாட்டாக ஆரம்பித்த வேலை, இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது.

செய்தது இவ்வளவுதான். கூகுள் எர்த் எஞ்சினில் (செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே கணக்கிடும் தளம்) சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை எடுத்து, 2019 முதல் 2024 வரை ஒவ்வொரு ஜனவரிக்கும் மேகம் நீக்கி, என்டிவிஐ, அதாவது ஒரு இடம் எவ்வளவு பச்சை என்று சொல்லும் எண்ணைக் கணக்கிட்டோம். நிரல் நான் எழுதியதல்ல. நாலு வருடம் முன்பு ஒரு பயிற்சியில் கொடுத்தது. தேதியையும் எல்லையையும் மட்டும் மாற்றிக்கொண்டேன்.

ஓடையோரமாக இருக்கும் ஒரு அடர்ந்த பகுதியின் சராசரி இது:

2019: 0.76
2020: 0.74
2021: 0.77
2022: 0.75
2023: 0.50
2024: 0.49

இதை அறிவியல் கண்காட்சியில் பெரிய தாளில் வரைந்து மாட்டிவிட்டோம். பார்க்க வந்த வனக்காவலர் ஒருவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், மூணுல ஒரு பங்கு காடு போயிருந்தா எனக்கு இந்நேரம் வேலை இருக்குமுங்களா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தொட்டியிலிருந்து, அதாவது மலைக் குடியிருப்பிலிருந்து, சோளகர் பழங்குடிப் பெரியவர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். வெட்டு இல்லை, தீப்பட்ட அடையாளம் இல்லை. தான் தேன் எடுத்த மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தார். எல்லாம் இருக்கின்றன. அப்படியானால் இந்த 0.50 எங்கிருந்து வந்தது?

வெயிலான்:

சார், சத்தியமங்கலம் காடு பெரும்பாலும் இலையுதிர் காடு. பிப்ரவரி கடைசியில் போனால் பாதி மரம் மொட்டையாக நிற்கும். மழை முடிந்த கையோடு எடுத்த படத்தையும் கோடைப் படத்தையும் ஒப்பிட்டால் காடு "அழிந்து" போய்த்தான் தெரியும். மாதம் மாறிவிட்டதா என்று பாருங்கள்.

தாளவாடி வாத்தியார்:

எல்லாமே ஜனவரிதான். மழை குறைந்ததோ என்றும் யோசித்தேன். ஆனால் அடுத்தடுத்து இரண்டு வருடமும் கிட்டத்தட்ட ஒரே அளவு இறங்கியிருப்பதுதான் இடிக்கிறது.

ரஞ்சனி (கோவை):

வாத்தியார் சார், ஒரு சின்ன வேலை செய்யுங்கள். காட்டை விட்டுவிட்டு, பவானிசாகர் அணையில் நடுத் தண்ணீரில் ஒரு புள்ளி வைத்து, அதே ஆறு வருடத்துக்கு அதே நிரலை ஓட்டுங்கள். எண்களை இங்கே போடுங்கள். எனக்கு ஒரு சந்தேகம்.

தாளவாடி வாத்தியார்:

ஓட்டிவிட்டேன் மேடம். 2022 வரை -0.3-ஐ ஒட்டி இருக்கிறது. 2023-லும் 2024-லும் -0.06. இது எனக்கு இன்னும் குழப்பமாக இருக்கிறது.

ரஞ்சனி (கோவை):

குழப்பம் தீர்ந்தது சார். காடு மெலியலாம், அணைத் தண்ணீரும் கூடவே மெலியுமா? காடும் தண்ணீரும் இரண்டு பக்கத்திலிருந்தும் பூஜ்யத்தை நோக்கி நகர்ந்திருக்கின்றன என்றால் தப்பு தரையில் இல்லை, எண்ணில் இருக்கிறது.

நடந்தது இது. 2022 ஜனவரி 25-ஆம் தேதியிலிருந்து ஐரோப்பிய விண்வெளி முகமை சென்டினல்-2 படங்களைத் தயாரிக்கும் முறையை மாற்றியது. தண்ணீர், மலைநிழல் மாதிரி இருண்ட இடங்களில், காற்றுமண்டலத்தின் தாக்கத்தைக் கழித்த பிறகு மதிப்பு சில சமயம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். கோப்பில் குறை எண்ணைச் சேமிக்க வழியில்லை, அதனால் அதெல்லாம் பூஜ்யமாக வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. அதைத் தவிர்க்க எல்லா பிக்சலிலும், அதாவது படத்தின் ஒவ்வொரு சின்னச் சதுரத்திலும், 1000-ஐக் கூட்டிச் சேமிக்க ஆரம்பித்தார்கள். பயன்படுத்துகிறவர் அந்த ஆயிரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். உங்கள் பழைய நிரலுக்கு அது தெரியாது.

கையால் போட்டுப் பார்க்கலாம். பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். உங்கள் ஓடையோரக் காட்டில் சிவப்புப் பட்டையில் 400, அகச்சிவப்பில் 3200 என்று வைத்துக்கொள்வோம். அகச்சிவப்பில் சிவப்பைக் கழித்தால் வித்தியாசம் 2800, கூட்டுத்தொகை 3600. வகுத்தால் 0.78. இப்போது இரண்டிலும் ஆயிரம் கூட்டுங்கள்: 1400, 4200. வித்தியாசம் அதே 2800-தான், கூட்டுத்தொகை மட்டும் 5600 ஆகிவிட்டது. வகுத்தால் சரியாக 0.50. ஒரு இலை உதிரவில்லை, கீழே இருக்கிற எண் பருத்துவிட்டது, அவ்வளவுதான்.

தண்ணீரிலும் அதே கதை. சிவப்பு 300, அகச்சிவப்பு 150 என்றால் -0.33. ஆயிரம் சேர்ந்தால் 1300, 1150, அதாவது -0.06. நீங்கள் போட்ட எண்ணேதான்.

உங்கள் 2022 மட்டும் ஏன் தப்பித்தது என்றால், அந்த ஜனவரியின் பெரும்பாலான படங்கள் 25-ஆம் தேதிக்கு முந்தையவை.

தீர்வு ஒரே சொல்லில் இருக்கிறது. நிரலில் தொகுப்பின் பெயர் 'எஸ்2_எஸ்ஆர்' என்று இருக்கும். அதன் பின்னால் அடிக்கோடு போட்டு 'ஹார்மனைஸ்டு' சேர்த்துவிடுங்கள். எர்த் எஞ்சினே புதிய படங்களைப் பழைய அளவுக்கு இறக்கித் தந்துவிடும். கோப்பைத் தனியாக இறக்கி க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வேலை செய்கிறவர்கள் தாங்களேதான் கழிக்க வேண்டும்.

நீங்கள் ஒன்றும் வெட்கப்பட வேண்டாம். நான் இந்தத் தொழிலுக்கு வந்து 13 வருடம் ஆகிறது. முதல் வருடத்தில் நீலகிரியில் ஒரு பள்ளத்தாக்குக்கு நிலப்பயன்பாட்டு வரைபடம் போட்டேன். சரிவில் நின்ற நாற்பது ஏக்கர் சோலை ஒரு வருடத்தில் ஏரியாக மாறியிருந்தது. ஆமாம், ஏரி, அதுவும் செங்குத்தான சரிவில். நான் எடுத்திருந்த முதல் படம் ஏப்ரல், இரண்டாவது டிசம்பர். லேண்ட்சாட் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் காலை பத்து மணி வாக்கில் கடக்கும். டிசம்பரில் அந்த நேரத்துக்குச் சூரியன் தென்கிழக்கில் தாழ்வாக இருக்கும், வடமேற்குச் சரிவெல்லாம் நிழலில் கிடக்கும். நிழலும் கருப்பு, தண்ணீரும் கருப்பு. கணினிக்கு இரண்டும் ஒன்றுதான். அறிக்கை போன இடத்தில், "படகு விடலாமா அம்மா?" என்று கேட்டார்கள். அதற்கப்புறம் எந்த மலைப் படத்திலும் முதலில் சூரியன் எங்கே என்றுதான் பார்ப்பேன்.

வெயிலான்:

அடடா. நான் இலை உதிர்வதைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அணைத் தண்ணீர் சோதனையைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

ரஞ்சனி (கோவை):

நீங்கள் சொன்னதும் தேவையானதுதான். தப்புகளில் பாதி அதனால்தான் வருகிறது. அதனால்தான் இந்திய வன ஆய்வு நிறுவனமும் மரங்களில் இலை இருக்கிற மாதங்களின் படங்களைத் தேடி எடுக்கிறது. நம் ஊரில் அந்த மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை மேகமும் வந்து உட்கார்ந்துகொள்ளும், அது வேறு தொல்லை.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி):

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ரஞ்சனி அக்கா, அந்த நிறுவனத்தின் பேச்சு வந்ததால் கேட்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காட்டின் பரப்பு கூடிவிட்டது என்று அறிக்கை வருகிறதே, அதிலும் இந்த மாதிரி ஆயிரம் ஏதாவது கூடியிருக்குமா? எங்கள் பக்கம் தோப்புதான் கூடுகிறதே தவிரக் காட்டைக் காணோம்.

ரஞ்சனி (கோவை):

அங்கே கணக்கு வேறு தம்பி. பிரச்சினை எண்ணில் இல்லை, 'காடு' என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பு, மேலிருந்து பார்த்தால் மரக்கவிப்பு பத்து சதவீதத்துக்கு மேல்: இது இரண்டும் இருந்தால் அவர்களுக்கு அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் என்ன இனம் என்றெல்லாம் பார்ப்பதில்லை. பழத்தோட்டம், மூங்கில், தென்னை, பனை எல்லாம் உள்ளே வந்துவிடும். இது ஒளிவு மறைவு இல்லை, ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதித்தான் இருக்கிறது. 2023 அறிக்கைப்படி நாட்டின் வனப்பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர், நிலப்பரப்பில் 21.76 சதவீதம். அதில் உங்கள் தோப்பும் ஒரு புள்ளியாக இருக்கலாம், அப்படியானால் நீங்களும் காட்டின் சொந்தக்காரர்தான்.

இன்னொன்று, அவர்கள் வெகுகாலம் நம்பியிருந்த லிஸ்-3 என்ற செயற்கைக்கோள் கேமராவின் ஒரு பிக்சல் 23.5 மீட்டர். நம் கணக்கில் பதிமூன்றரை சென்ட். அதற்குள் நாலு மரம் வெட்டினால் தெரியாது. சென்டினலில் பத்து மீட்டர், அதாவது இரண்டரை சென்ட், ஒரு சின்ன வீட்டுமனை. அதிலும் ஒற்றை மரத்தை எண்ண முடியாது. இதைச் சொன்னால் ஏனோ நிறையப் பேருக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

வாத்தியார் சார், உங்கள் விஷயத்தில் ஒன்று பாக்கி. எண் சரியானதும் "காடு பத்திரம்" என்று உடனே தாளில் எழுதிவிடாதீர்கள். சராசரி பெரிய போர்வை, அடியில் நிறைய மறைந்துவிடும். 2021 ஜனவரியிலிருந்து 2024 ஜனவரியைப் பிக்சல் பிக்சலாகக் கழித்து, எங்கே மட்டும் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே நடந்து போய்ப் பாருங்கள்.

தாளவாடி வாத்தியார்:

பத்து நாள் கழித்து வருகிறேன். பெயரை மாற்றியதும் 2023 0.76, 2024 0.75. அணைத் தண்ணீரும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பிள்ளைகளையே கரும்பலகையில் ஆயிரத்தைக் கூட்டிக் கழிக்க வைத்தேன். கண்காட்சித் தாளின் மேல் அவர்களே புதுத் தாளை ஒட்டிவிட்டார்கள், பழையது ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறது.

மேடம் சொன்னபடி கழித்துப் பார்த்தேன். ஒரே ஒரு இடம் நிஜமாகவே இறங்கியிருக்கிறது. ஏழெட்டு ஏக்கர் இருக்கும், ஓடைக்கு மேற்கே, மரங்கள் விலகி விலகி நிற்கிற மேடு. சரி, பிடித்துவிட்டோம் என்று அதே பெரியவரோடு போனேன். ஒரு மரமும் குறையவில்லை. கீழே தரைதான் வெளுத்துக் கிடந்தது. ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்த உண்ணிச்செடியை, காட்டை அடைக்கிற அந்த அயல்நாட்டுக் களைப்புதரை, வேரோடு பிடுங்கி ஓரமாகக் குவித்திருக்கிறார்கள். குவியல் காய்ந்து சுள்ளியாகிவிட்டது. பிடுங்கிய இடத்தில் புல் அங்கங்கே தலைகாட்டுகிறது, யானை லத்தியும் கிடந்தது. "முன்னல்லாம் இதுக்குள்ள மாடும் போவாது, நாங்களும் போவ மாட்டோம்" என்றார் பெரியவர்.

அதாவது பச்சை குறைந்தது நல்ல செய்தி. வரைபடத்தில் இந்த இடத்துக்கு என்ன நிறம் கொடுப்பது என்று பிள்ளைகள் சண்டை. சிவப்பு கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி.

ரஞ்சனி (கோவை):

உண்ணிப்பூ நிறத்தையே கொடுங்கள், ஆரஞ்சு. ஆனால் அந்த எல்லையைத் தனிக் கோப்பாகச் சேமித்து வையுங்கள் சார். உண்ணி வேர்க்கட்டை கொஞ்சம் மிஞ்சினாலும் ஒரே மழையில் துளிர்த்துவிடும். அடுத்த ஜனவரியில் அங்கே என்டிவிஐ ஏறினால் யாரும் கைதட்டக் கூடாது, போய்ப் புல்லா உண்ணியா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், நிரலின் முதல் வரியில் 2022 ஜனவரி 25 விஷயத்தைத் தமிழில் குறித்து வைத்துவிடுங்கள். அதை அடுத்து வாங்கப் போகிற வாத்தியாருக்கு ஒரு கண்காட்சித் தாள் மிச்சம்.