பி27 ‘பாசிட்டிவ்’ ரிப்போர்ட் வந்தவர்களிடம் பார்த்தவை

எச்எல்ஏ என்பது நம் செல்களின் மேல் இருக்கும், மரபணு வழியாக வரும் அடையாளப் புரதம்; அதில் ஒரு வகைதான் பி27. எச்எல்ஏ-பி27 பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலர் கேட்பது ஒன்றைத்தான்: “அப்போ எனக்கு நோய் வந்துடுச்சா?” இல்லை. ஆன்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் (முதுகெலும்பில் வரும் நாள்பட்ட அழற்சி நோய்) உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு பி27 இருக்கிறது. இந்தத் தொடர்பு 1973-லேயே தெரிந்துவிட்டது. அதைத் தலைகீழாகப் படிப்பதுதான் தவறு. பி27 உள்ள 100 பேரில் அந்த நோய் வருவது ஏறத்தாழ 5 பேர் வரைக்கும்தான். அப்பா, அக்கா என்று நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது இருந்தால் அந்தக் கணக்கு பல மடங்கு ஏறும். அதனால் வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது வலியைப் பற்றி. 45 வயதுக்குள் தொடங்கியதா, 3 மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா, பின்னிரவில் எழுப்புகிறதா, காலையில் அரை மணி நேரமாவது முதுகு விறைத்துக்கொண்டு நடந்தால் தளர்கிறதா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டுக்கு எம்ஆர்ஐ பார்க்கலாம். வலியே இல்லாதவருக்கு இந்த டெஸ்ட்டை எழுதிக்கொடுப்பது வீண் பயத்தைத்தான் தரும்.

லேப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். ரிப்போர்ட்டில் ‘மெத்தட்’ என்ற வரியைக் கட்டாயம் பாருங்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி (ஆன்டிபாடியை ஒட்டவைத்து செல்லின் மேலுள்ள புரதத்தைக் கண்டுபிடிக்கும் முறை) என்றிருந்தால், அதில் பயன்படும் ஆன்டிபாடி சில சமயம் பி7 என்ற இன்னொரு எச்எல்ஏ வகை மேலும் போய் ஒட்டிக்கொள்ளும். பி27 இல்லாதவரும் பாசிட்டிவாகத் தெரிவார். எல்லைக்கோட்டில் நிற்கும் ரிசல்ட்டை, மரபணுவையே நேராகப் பார்க்கும் பிசிஆரில் உறுதிசெய்யாமல் வெளியே விடவே கூடாது. பிசிஆருக்கு ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் 2-3 மில்லி ரத்தம் போதும். பச்சை மூடிக் குழாயில் எடுத்தால் அதிலுள்ள ஹெப்பாரின் பிசிஆர் வினையை அடக்கிவிடும், மறுபடி ஊசி குத்த வேண்டிவரும். இன்னொன்று: பி27-க்குள்ளேயே உட்பிரிவுகள் உண்டு. 05-க்கும் 09-க்கும் வித்தியாசம் 116-வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம். ஆனால் 05 நோயோடு சேர்ந்தே காணப்படுகிறது, 09 அப்படியில்லை. சாதாரண பி27 டெஸ்ட் இந்த உட்பிரிவைச் சொல்லாது.

சீலியாக் நோயில் (கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) இதே எச்எல்ஏ டெஸ்ட்டின் பயன் அப்படியே திரும்பிவிடும். அதோடு தொடர்புள்ள எச்எல்ஏ வகைகளான டிக்யூ2, டிக்யூ8 இரண்டில் ஒன்று பொதுமக்களில் மூன்றில் ஒரு பங்கு பேருக்காவது இருக்கும். இருக்கிறது என்பதால் எதுவும் முடிவாகாது. இரண்டுமே இல்லையென்றால்தான் அது நல்ல தகவல், சீலியாக்கை ஏறக்குறைய ஒதுக்கிவிடலாம். தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டு வருகிறவர்களுக்கு இது பெரிய உதவி. குளூட்டனை நிறுத்தினால், சீலியாக்கைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் பார்க்கும் டிடிஜி-ஐஜிஏ என்ற ஆன்டிபாடியின் அளவு இறங்கிப்போய், நோய் இருந்தும் நார்மல் என்று காட்டும். மரபணு சாப்பாட்டால் மாறாது. இன்னும் நிறுத்தாதவர் என்றால் முதலில் டிடிஜி-ஐஜிஏ, கூடவே மொத்த ஐஜிஏ (அந்த வகை ஆன்டிபாடி எல்லாம் சேர்ந்த அளவு). ஐஜிஏ பிறவியிலேயே குறைவாக இருப்பவருக்கு அந்த டெஸ்ட் பொய்யாக நெகட்டிவ் காட்டும்.

எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர் என்றால் சாம்பிள் எடுக்கும் முன்பே லேபுக்குச் சொல்லிவிடுங்கள். அவர் ரத்தத்தில் தெரிவது மஜ்ஜை கொடுத்தவரின் எச்எல்ஏ.